சாய்ந்தமருதுப் புத்தகத்துக்கும் இறக்குமதி வரியா?

அனார் சாய்ந்தமருதில் இருந்து எழுதுகிற கவிஞர். அவருடைய ‘எனக்குக் கவிதை முகம்’ 2007 இல் வந்தது. வெளியிட்டது நாகர்கோவிலில் இருக்கிற காலச்சுவடு. கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமானின் ‘மழைநாட்கள் வரும்’ தொகுப்பு வந்தது சிவகங்கை அன்னம் வெளியீடாக. எங்கட கரையில் எழுதுகிறவர்கள் பலருக்கு இதுதான் கதை. எழுதுவது இங்கே, அச்சாவது கடலுக்கு அந்தப் பக்கம். மறுகா அந்தப் புத்தகம் எழுதின ஆளின் ஊருக்குத் திரும்பி வர வேண்டும் என்றால், கொழும்பில் அது சீமெந்து, சைக்கிள் டயர், பால்மா மாதிரி வெளிநாட்டுச் சரக்காக இறங்குகிறது. அதற்கு ஒரு குறியீட்டு எண், ஒரு பெறுமதி, ஒரு வரி.

புத்தகத்துக்கு வரி போட்டது அநியாயம் என்று பொதுவாக எல்லாரும் சொல்லிவிட்டார்கள். பதிப்பாளர்கள் சொன்னார்கள், எழுத்தாளர்கள் சொன்னார்கள். அதையே நாங்களும் இன்னொரு தரம் சொல்ல இதை எழுதவில்லை. எங்கட வாதம் கொஞ்சம் வேறு. இந்த வரி எல்லா வாசகருக்கும் சமமாக விழவில்லை. புத்தகம் எந்த மொழியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விழுகிறது. சட்டத்தில் ‘தமிழ்’ என்ற சொல்லே கிடையாது. ஆனால் வரி வந்து இறங்குகிற இடம் தமிழ் வாசகரின் பொக்கெற்றாகத்தான் இருக்கு.

அது எப்படி என்று விளங்க, புத்தகம் எப்படிச் சரக்காகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சலிப்பான விசயம்தான், ஆனா இந்தச் சலிப்புக்குள்ளதான் எல்லாம் ஒளிஞ்சிருக்கு.

உலகம் பூரா சுங்கத் திணைக்களங்கள் எச்.எஸ். என்கிற ஒரே குறியீட்டு முறையில்தான் பொருட்களை வகைப்படுத்துகின்றன. அதில் 49 ஆம் அத்தியாயம் அச்சிட்ட பொருட்களுக்கு. 49.01 அச்சிட்ட புத்தகம். 49.02 பத்திரிகை, சஞ்சிகை. 49.03 சின்னப் பிள்ளைகளின் படப் புத்தகம், நிறம் தீட்டுகிற புத்தகம். 49.10 கலண்டர். எழுதுகிற கொப்பி இந்த அத்தியாயத்துக்குள்ளேயே இல்லை, அது கடதாசிப் பொருட்களோடு 48.20 இல் கிடக்கு. ஒரு கடைக்காரர் சென்னையில் இருந்து பெட்டி பெட்டியாகப் புத்தகம் எடுத்தால் இந்த எண்ணைப் போட்டு, சுங்கப் பிரகடனம் (கடைத்தெரு வழக்கில் ‘கஸ்டெக்’) நிரப்ப வேண்டும். அதோடு பற்றுச்சீட்டு, பொதிப் பட்டியல், கப்பல் அல்லது விமானச் சரக்குச் சீட்டு, வரி இலக்கம் எல்லாம் வேண்டும். எல்லாம் அசிக்குடா என்கிற கணினி முறைக்குள் ஏறும். ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி மாநாடு, அதாவது அங்க்டாட், உருவாக்கின மென்பொருள் அது. இதையெல்லாம் தனியாளாகச் செய்ய ஏலாது, அதால ஒரு வாப் கிளாக்கைப் பிடிக்க வேணும். அவருக்கும் காசு. அடியில் கிடக்கிற சட்டமோ 1869 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் கோப்பி ஏற்றின காலத்துச் சட்டத்தை இன்னமும் திருத்தித் திருத்தித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

நல்ல செய்தி என்னவென்றால், 49.01 க்கு இலங்கையில் சுங்க வரி என்ற பெயரில் எதுவும் இல்லை. நீண்ட காலமாகப் புத்தகம் பெறுமதி சேர் வரியிலிருந்தும் விலக்குப் பெற்றிருந்தது. ‘வற்’ சட்டத்தின் விலக்குப் பட்டியலில் புத்தகம் என்று போட்டுவிட்டு, காசோலைப் புத்தகம், டயறி, லெட்ஜர், கொப்பி, சஞ்சிகை, பத்திரிகை தவிர என்று எழுதியிருந்தார்கள். காசோலைப் புத்தகத்தையும் கவிதைப் புத்தகத்தையும் பிரித்துப் பார்க்கிற அளவுக்காவது அந்தச் சட்டத்துக்கு விவேகம் இருந்தது.

2023 டிசம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தோடு அது போச்சு. 2024 ஜனவரி 1 முதல் வற் 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. அதே நாளில் விலக்குப் பட்டியலில் இருந்து நீளமான ஒரு வரிசை வெளியே தள்ளப்பட்டது. பெற்றோல், டீசல், சமையல் எரிவாயு, கைத்தொலைபேசி என்று போகிற அந்த வரிசைக்குள் புத்தகமும் போய் நின்றது. கேஸ் விலையைப் பற்றி ஊரே கதைத்தது, கதைக்கத்தான் வேணும். புத்தகத்தைப் பற்றிக் கதைத்தவர்கள் குறைவு.

18 வீதம் என்று சொல்கிறார்களே, உண்மையில் அது 18 கூட இல்லை. கணக்கைப் பார்ப்போம். சென்னையில் 300 இந்திய ரூபாய் விலையுள்ள ஒரு நாவல். 2024 இல் இருந்த மாற்று வீதத்தில் ஓர் இந்திய ரூபாய் ஏறத்தாழ 3.60 இலங்கை ரூபா. ஆகவே 1,080 ரூபா. பொதி செய்து அனுப்பும் கூலியும் காப்புறுதியும் ஒரு பிரதிக்கு 220 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். மொத்தம் 1,300. இதைத்தான் சுங்கத்தில் சீ.ஐ.எஃப் பெறுமதி என்பார்கள். ஆனால் இறக்குமதியின் போது வற் கணக்குப் பார்ப்பது இந்த 1,300 இல் அல்ல. அதோடு 10 வீதம் கூட்டி, 1,430 இல்தான். அந்தப் பத்து வீதம் என்ன என்று கேட்டால், இறக்குமதி செய்கிறவர் வைக்கப்போகிற இலாபம் மாதிரி ஒரு கற்பனைத் தொகை. விற்குமா, கறையான் தின்னுமா என்று தெரியாத புத்தகத்துக்கு முன்கூட்டியே இலாபம் பார்த்துவிடுகிறார்கள்! 1,430 இல் 18 வீதம் 257 ரூபா 40 சதம். அதாவது 1,300 ரூபாப் பெறுமதிக்கு 19.8 வீதம். கடைக்காரரின் இலாபம், வாப் கிளாக்கின் கூலி, கொழும்பிலிருந்து கல்முனைக்கு முந்நூறு சொச்சம் கிலோமீற்றர் லொறிக்கூலி எல்லாம் இதற்குப் பிறகுதான். (ஒலுவிலில் எங்களுக்கு ஒரு துறைமுகம் இருக்கிறதே என்று யாரும் கேட்க வேண்டாம். 2013 இல் திறந்த அந்தத் துறைமுகத்தில் இதுவரைக்கும் ஒழுங்காக வந்து இறங்கினது கடல் மண் மட்டும்தான்.)

இதே நாவல் 2021 இல் எப்படி வந்திருக்கும்? அப்போது ஓர் இந்திய ரூபாய் சுமார் 2.70. புத்தக விலை 810 ரூபா. வற் இல்லை. நாணயம் விழுந்தது ஒரு அடி, அதன் மேல் வற் இன்னொரு அடி. நாணயம் விழுந்ததை ஒரு வர்த்தமானியால் தூக்கி நிறுத்த ஏலாது. வரியைத் தூக்கலாம்.

எங்கட முக்கியமான வாதம் இனித்தான் வருகிறது.

வற் வரிக்கு ஒரு வாசல் இருக்கு. 2024 இல் வருடத்துக்கு 6 கோடி ரூபாவுக்கு மேல் விற்பனை உள்ள வியாபாரம்தான் வற் பதிவு செய்ய வேண்டியிருந்தது. (2023 வரை அது 8 கோடி.) அக்கரைப்பற்றிலோ மட்டக்களப்பிலோ சிறிய அச்சகத்தில் முந்நூறு, ஐந்நூறு பிரதி அடித்து விற்கிற ஒரு கவிஞர், ஒரு சிறு பதிப்பகம், இந்த வாசலுக்குக் கிட்டவும் வரப்போவதில்லை. ஆகவே அவர்கள் புத்தகத்தின் விலையில் நேரடியாக வற் சேராது. அது நல்லதுதான், அவர்களுக்கு அந்தக் காற்றாவது வரட்டும். ஆனால் இறக்குமதிக்கு இந்த வாசல் கிடையாது. நீங்கள் கோடீஸ்வரரா, மாதம் இருபது புத்தகம் விற்கிற பெட்டிக்கடைக்காரரா என்று எல்லையில் யாரும் பார்ப்பதில்லை. பொருள் உள்ளே வந்தால் வரி. பெரிய நிறுவனம் என்றால், கட்டின வற்றைப் பிறகு தன் விற்பனை வற்றோடு கழித்துக்கொள்ளும். கல்முனையில் ஒரு சின்னப் புத்தகக் கடைக்குப் பதிவே இல்லை, எதோடு கழிப்பது? அந்தக் காசு புத்தகத்தின் விலைக்குள்ளேயே ஒட்டிக்கிடக்கும். கடைசியில் அதைக் கட்டுவது நாங்கள்.

இப்போ இரண்டு வாசகர்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் குருநாகலில் சிங்களத்தில் வாசிக்கிறார். அவர் மொழிப் புத்தகங்கள் கிட்டத்தட்ட எல்லாம் கொழும்பு, நுகேகொட, மருதானைப் பக்கம் அச்சாகின்றவை. உலக நாவல்கள் எல்லாம் அவருக்குச் சிங்கள மொழிபெயர்ப்பில் உள்ளூரிலேயே வருகின்றன. இன்னொருவர் நிந்தவூரில் தமிழில் வாசிக்கிறார். அவருக்கு தஸ்தயெவ்ஸ்கி வேணும், அசோகமித்திரன் வேணும், தோப்பில் முஹம்மது மீரான் வேணும், சல்மா வேணும், பக்கத்து ஊர் அனாரும் வேணும். எல்லாம் கடல் தாண்டித்தான் வர வேண்டும். பெரிய சிங்களப் பதிப்பகங்களும் வற் கட்டுகின்றன, அவர்களுக்கும் வலிதான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு மொழியின் வாசிப்பு பெரும்பாலும் எல்லைக்கு உள்ளேயும் இன்னொரு மொழியின் வாசிப்பு பெரும்பாலும் எல்லைக்கு வெளியேயும் அச்சாகிற ஒரு நாட்டில், எல்லையில் வைக்கிற வரி நடுநிலையானது என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

இதைச் சொன்னால் உடனே வருகிற முதல் பதில், ‘நாடு வங்குரோத்தாகிக் கிடக்கு, அரசாங்கத்துக்குக் காசு வேணும்’ என்பது. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட ஏலாது என்று அறிவித்த நாடு இது. சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் ஏறத்தாழ 300 கோடி டொலருக்கு ஒத்துக்கொண்டதே வருமானத்தைக் கூட்டச் சொல்லித்தான். கியூவில் நின்றவர்கள் நாங்கள், இது எங்களுக்குத் தெரியாதா? ஆனால் அதே நாட்டில் 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கு இருந்த விசேட பண்ட வரியை கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக ஒரே இரவில் குறைத்தார்கள். சாப்பிடுகிறவனுக்குச் சீனி விலை அந்தளவுக்குக் குறையவே இல்லை. திறைசேரிக்கு 1,500 கோடி ரூபாவுக்கு மேல் இழப்பு என்று பாராளுமன்றத்தின் அரசாங்க நிதிக் குழு வரை கதை போனது. ஒரு வர்த்தமானியில் அவ்வளவையும் விட்ட கை, இப்போ புத்தகப் பெட்டிக்குள் சில்லறை தேடுது. தமிழ்ப் புத்தக இறக்குமதியில் இந்த நாடு கடனிலிருந்து மீளப்போகிறது என்று நம்புகிற ஒருவரையாவது காட்டுங்கள் பார்ப்போம். பிரித்தானியாவில் 1973 இல் வற் வந்த நாளிலிருந்து அச்சிட்ட புத்தகத்துக்குப் பூச்சிய வீதம்தான். எவ்வளவோ நெருக்கடி வந்தும் அதில் அவர்கள் கை வைக்கவில்லை. இந்தியாவில் அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஆனால் 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகத்துக்கு அவர்களும் 5 வீதம் சுங்க வரி போட்டார்கள், ஆகவே அவர்களை முழுக்கப் புகழவும் ஏலாது.

இரண்டாவது பதில் இலக்கியக்காரர்களிடமிருந்தே வரும். அது முதல் பதிலை விடக் கனமானது. ‘இந்தியப் புத்தகம் வராட்டி நல்லம்தானே, எங்கட எழுத்து வளரும்’ என்பது. இதற்குப் பின்னால் வெறும் வீம்பு இல்லை, வரலாறு இருக்கு. 1970 முதல் 77 வரையான சிறிமாவோ ஆட்சியில் தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளும் புத்தகங்களும் வருவது கட்டுப்படுத்தப்பட்டது. அந்த இடைவெளியில்தான் வீரகேசரி பிரசுரங்கள் மலிவு விலையில் நாவல்களாகக் கொண்டுவந்தது. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ எல்லாம் அப்படித்தான் வீடு வீடாகப் போனது. கல்முனையிலேயே நுஃமானும் நண்பர்களும் ‘வாசகர் சங்கம்’ என்ற பெயரில் புத்தகம் போட்டார்கள். மஹாகவியின் கவிதை கல்முனையிலிருந்து வெளியானது என்று இன்றைக்குச் சொன்னால் எங்கட வகுப்பில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். எங்களுக்கும் பெருமையான காலம்தான் அது.

ஆனால் அந்தக் காலத்தை வைத்து இந்த வரியை நியாயப்படுத்துகிறவர்கள் இரண்டு விசயத்தை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, 1977 இல் கதவு திறந்ததும் என்ன நடந்தது? தமிழ்நாட்டுச் சஞ்சிகைகள் திரும்ப வந்தன. சில வருசத்துக்குள் வீரகேசரி பிரசுரம் ஓய்ந்தது. வேலி இருக்கும் வரைக்கும் நின்ற செடி அது. வேருக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு விநியோக முறையோ, நூலகங்கள் வாங்குகிற ஏற்பாடோ, தமிழுக்கென்று ஒரு நல்ல அச்சு வசதியோ கட்டி எழுப்பப்படவில்லை. இரண்டாவது, வாசகர் சங்கம் வேலிக்குள் இருந்ததால் முளைத்ததல்ல. அந்த ஆட்கள் வெறி பிடித்த வாசகர்கள். வெளியிலிருந்து வந்ததையெல்லாம் தேடித் தின்றவர்கள். நுஃமான் பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழாக்கினார் என்றால், அதற்கு முதல் அந்தக் கவிதைகள் ஏதோ ஒரு மொழியில், ஏதோ ஒரு புத்தகமாக, அவர் மேசைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டுமே. இறக்குமதி இல்லாமல் அது நடக்காது.

அதோடு ‘உள்ளூர்ப் புத்தகம்’ என்கிறதே எவ்வளவு உள்ளூர்? எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில், வாழைச்சேனையில், 1950களில் தொடங்கிய கடதாசி ஆலை ஒன்று இருக்கு. எங்கட வயல்களில் சூடு அடித்த பிறகு மிஞ்சுகிற வைக்கோலில் கடதாசி செய்த ஆலை. அது பல வருசம் இயங்காமல் கிடந்தது. இன்று இங்கு அச்சாகிற புத்தகத்தின் கடதாசியும் மையும் கப்பலில்தான் வருகின்றன, அவற்றுக்கும் வரி. 2022 மார்ச்சில் கடதாசி வாங்க டொலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சை தள்ளிப்போனதும் சில பத்திரிகைகள் அச்சை நிறுத்தியதும் ஞாபகம் இருக்குமே. உள்ளூர்ப் பதிப்பை வளர்க்க விரும்புகிற அரசாங்கம் முதலில் கடதாசியில் இருந்து தொடங்கலாம், வெளிப் புத்தகத்தின் கழுத்தைப் பிடிக்கத் தேவையில்லை.

இது வரைக்கும் சொன்னது காசு. எங்கட ஊர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு, அது ரூபாவில் வராது.

2021 மார்ச்சில், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து இரண்டு வருசம் ஆகப்போகிற நேரம், வெளிநாட்டிலிருந்து வருகிற இஸ்லாமிய நூல்களைப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி கிடைத்த பிறகுதான் விடுவிக்க வேண்டும் என்று சுங்கத்துக்கு அறிவுறுத்தல் போனது. 2019 ஏப்ரல் 21 இல் நடந்தது என்ன என்பதை நாங்கள் யாருக்கும் குறைத்துச் சொல்லப்போவதில்லை. அந்தக் கொடுமைக்குப் பிறகு எங்கட வீடுகளில் உம்மாமார் புத்தக அலுமாரியைத் திறந்து, அரபு எழுத்துள்ளதையெல்லாம் எடுத்து, எதை வைப்பது எதை எரிப்பது என்று தெரியாமல் நின்றதும் நடந்ததுதான். ஒரு நாட்டுக்குத் தன் பாதுகாப்பைப் பார்க்கிற உரிமை இருக்கு. வன்முறையைத் தூண்டுகிற புத்தகத்தைத் தடுக்க வேண்டும் என்றால் தடுக்கட்டும். தலைப்பைச் சொல்லி, காரணத்தைச் சொல்லி, வர்த்தமானியில் போட்டு, ஆட்சேபிக்க ஒரு வழியும் வைத்துத் தடுக்கட்டும்.

‘இஸ்லாமிய நூல்’ என்பது அப்படி ஒரு தலைப்பா? ஒரு மதத்தின் முழு அலுமாரி அது. 49.01 க்குள் அப்படி ஒரு உபபிரிவு எச்.எஸ். அட்டவணையில் கிடையாது. பெட்டியைத் திறக்கிற அதிகாரி எதை வைத்துத் தீர்மானிப்பார்? திருக்குர்ஆன் விரிவுரை என்றால் சரி, விளங்கும். இமாம் கஸ்ஸாலியின் தத்துவ நூல்? இப்னு கல்தூனின் வரலாற்று நூல்? ஒலுவில் வளாகத்தில் இஸ்லாமிய கற்கைகள், அரபு மொழிப் பீடம் என்றே ஒரு பீடம் இருக்கு. அங்கே படிக்கிற எங்கட நண்பர்களுக்கு இவை பாடப்புத்தகம். ‘சாய்வு நாற்காலி’ இஸ்லாமிய நூலா? அதில் முஸ்லிம்கள் நிறைய வருகிறார்கள். சாகித்திய அகாதமி விருது வாங்கின நாவல் என்பது அட்டையைப் பார்த்தால் தெரியுமா? எழுதினவரின் பெயரைப் பார்த்துப் பிரிப்பதென்றால் அனாரின் கவிதையும் அந்தப் பக்கம் போகும். இப்படி ஒரு நிலைமையில் கடைக்காரர் என்ன செய்வார்? சண்டை பிடிக்கமாட்டார். அடுத்த தடவை அந்தப் புத்தகத்தை எடுக்காமல் விடுவார். தடை என்று எங்கேயும் எழுதாமலே தடை நடந்து முடியும். வரி புத்தகத்தை விலை கூட்டும். இது புத்தகத்தை இறாக்கையிலிருந்தே எடுத்துவிடும்.

இலங்கை ஒரு காலத்தில் இந்த விசயத்தில் முன்னுக்கு நின்ற நாடு என்பதையும் சொல்ல வேண்டும். யுனெஸ்கோ 1950 இல் கல்வி, விஞ்ஞான, கலாசாரப் பொருட்களின் இறக்குமதி பற்றி ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது. புளோரன்ஸ் உடன்படிக்கை என்பார்கள். புத்தகத்துக்கு இறக்குமதித் தீர்வையோ, இறக்குமதியோடு சேர்ந்த வேறு கட்டணமோ அறவிடக் கூடாது என்பது அதன் சாரம். 1952 இல் அது நடைமுறைக்கு வந்தபோது அதில் சேர்ந்திருந்த முதல் சில நாடுகளில் இலங்கையும் ஒன்று. சுதந்திரம் கிடைத்து நாலு வருசத்தில்! ஆனால் நேர்மையாகச் சொன்னால், வற் அந்த உடன்படிக்கையின் எழுத்தை நேரடியாக மீறவில்லை. உள்நாட்டுப் பொருளுக்கு விழுகிற அதே அளவு உள்நாட்டு வரியை இறக்குமதிப் புத்தகத்துக்கும் போடலாம் என்று அதிலேயே இடம் இருக்கு. எங்கட கேள்வி அந்த ‘அதே அளவு’ பற்றியது. பதிவு வாசலுக்குக் கீழே நிற்கிற உள்ளூர்ப் புத்தகத்துக்கு விற்பனையில் வற் பூச்சியம். அதே அளவு சின்னக் கடை எடுக்கிற இறக்குமதிப் புத்தகத்துக்கு 19.8. இது எப்படி அதே அளவு ஆகும்? சட்டபீடத்துப் பிள்ளைகள் யாராவது இதைக் கையில் எடுத்தால் நாங்கள் பின்னால் நிற்போம்.

எங்கட வயதுக்காரர்கள் இதற்கெல்லாம் ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதும் உண்மை. டெலிகிராம் குறூப்பில் கேட்டால் பத்து நிமிசத்தில் பி.டி.எஃப் வரும். சுங்கமும் இல்லை, வற்றும் இல்லை, எழுதினவருக்கு ஒரு சதமும் இல்லை. நூலகம் தளம் மாதிரி அனுமதியோடு ஈழத்து நூல்களை 2005 முதல் இலவசமாக வாசிக்கத் தருகிற முயற்சி வேறு, நேற்று வந்த நாவலை ஸ்கேன் பண்ணிப் போடுவது வேறு. இரண்டாவதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கம்பஸில் போர்டிங் காசு கட்டிவிட்டு மிச்சத்தில் சாப்பிடுகிற ஒரு பிள்ளையிடம், இரண்டாயிரத்துக்குக் கிட்ட விலை போகிற ஒரு நாவலைக் காட்டி ‘களவாக வாசிக்காதே’ என்று சொல்ல எங்களுக்கு வாய் வருதில்லை. மற்ற வழி சூட்கேஸ். ஊரில் யாராவது கண் வைத்தியத்துக்கோ கலியாணச் சாமான் எடுக்கவோ சென்னைக்குப் போனால் அவருக்குப் பின்னால் ஒரு பட்டியல் போகும். ‘காக்கா, பாரமில்ல, நாலு புத்தகம்தான்.’ காக்கா பாவம், சாரிக்கு இடமில்லாமல் புத்தகத்தைச் சுமந்துகொண்டு வருவார். இப்படி வருகிற புத்தகத்தால் கல்முனையில் ஒரு புத்தகக் கடை நிமிராது. கடை இல்லாவிட்டால் பட்டியல் போடத் தெரியாத ஒரு பத்தாம் ஆண்டுப் பிள்ளை தற்செயலாக ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்க்கிற இடமும் இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பது பெரிய விசயமில்லை. 49.01, 49.03 இரண்டையும் திரும்ப விலக்குப் பட்டியலில் போடுங்கள், இறக்குமதிக்கும் உள்ளூருக்கும் சேர்த்து. அது உடனே ஏலாது என்றால், சொந்த வாசிப்புக்குத் தபாலில் வருகிற புத்தகப் பொதிக்கு எத்தனை பிரதி வரை, எவ்வளவு பெறுமதி வரை வரியில்லை என்று மூன்று மொழியிலும் எழுதி ஒவ்வொரு தபாலகத்திலும் ஒட்டுங்கள். உள்ளடக்கத்துக்காக ஒரு புத்தகத்தைத் தடுத்தால், எந்தப் புத்தகம், ஏன், எத்தனை நாளைக்குள் முடிவு என்று எழுத்தில் கொடுங்கள். ஒரு மதத்தின் பெயரை வைத்துப் பெட்டியை மறிக்கிற அறிவுறுத்தல் இனி எந்த வடிவத்திலும் வரக் கூடாது. கிழக்கு மாகாணத்திலிருந்து பாராளுமன்றம் போனவர்கள் வற் திருத்தம் வந்தபோது எரிபொருள், எரிவாயு பற்றிப் பேசினார்கள். புத்தகத்தையும் அந்தப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டால் போதும், தனியாகப் போராட்டம் நடத்தச் சொல்லவில்லை.

அது வரைக்கும், சென்னைக்கு ஓடர் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். தபாலில் வருகிற சின்னப் பொதிக்கு சீ.என்.22 என்கிற சுங்கச் சீட்டு ஒட்டுவார்கள், பெறுமதி கூடினால் சீ.என்.23. அதில் ‘புக்ஸ்’ என்று மொட்டையாக எழுதவிடாமல், ‘அச்சிட்ட தமிழ்ப் புத்தகம், எச்.எஸ். 4901’ என்று ஆங்கிலத்தில் எழுதி, எத்தனை பிரதி, எவ்வளவு விலை என்று போடச் சொல்லுங்கள். அன்பளிப்பு என்ற கட்டத்தில் பொய்யாகப் புள்ளடி போடச் சொல்லாதீர்கள். அது பிடிபட்டால் புத்தகத்தோடு உங்கட வாதமும் போய்விடும். பற்றுச்சீட்டின் ஒரு பிரதியைப் பொதியின் வெளியில் ஒட்டச் சொல்லுங்கள். வரி கட்டச் சொன்னால், எந்த வரி, எந்தப் பெறுமதியில் எத்தனை வீதம் என்று காட்டுகிற ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வாங்கின ரசீதுகளை எங்களுக்கும் படம் எடுத்து அனுப்புங்கள், பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு. ஐம்பது ரசீது சேர்ந்தால், ஒரே மாதிரிப் புத்தகத்துக்கு எத்தனை விதமாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள் என்று அடுத்த கட்டுரையில் போடலாம்.